மருதம்பட்டைக் கஷாயம்

அப்பாவுக்கு இதயம் பலவீனம் என்று டாக்டர் சொன்ன வாரமே, அம்மா மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையில் மருதம்பட்டை வாங்கிவந்தாள். மாத்திரையோடு இதுவும் இருக்கட்டும் என்றாள். தினமும் காலையில் திரி ஸ்டவ்வில் ஏற்றி, நாலு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராக வற்றும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.

அவளுக்கும் அவ்வப்போது நெஞ்சை அடைக்கும். "வெறும் வாயுடா" என்பாள். "நீயும் ஒரு வாய் குடியேன்" என்றால், "அப்பாவுக்குக் கொறஞ்சுடும்" என்பாள். இன்னும் கொஞ்சம் பட்டையைப் போட்டால் போயிற்று. அதை நானாவது போட்டிருக்கலாம்.

ஒருநாள் பட்டை கருகும் நாற்றம் கூடம்வரை வந்தது. அப்பா கஷாயத்துக்காகக் காத்திருந்தார். "அடுப்பப் பாக்காம என்னம்மா பண்றே?" என்று கத்திக்கொண்டே போனேன். ஸ்டவ் பக்கத்தில் சரிந்து கிடந்தாள், மூச்சில்லை. நான் கத்தியது அவள் காதில் விழுந்திருக்கக் கூடாது என்றுதான் இன்னமும் வேண்டிக்கொள்கிறேன்.