எங்கம்மாவுக்கு அம்மா வந்தது

பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவன் நான். தாய்ப்பாலை மட்டும் நாலு வயது முடிந்தும் விடவில்லை. பிச்சாவரத்துப் பக்கம் எங்கள் குப்பத்தில் இதைச் சொல்லி இன்றைக்கும் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். பொறாமைதான், வேறென்ன.

அம்மா தினமும் மீன் கூடையோடு சிதம்பரத்துக்கு பஸ் ஏறுவாள். கூடை தலையில், நான் இடுப்பில். மார்க்கெட்டில் வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்துத்தான் எனக்குப் பசிக்கும். மாராப்பைப் பிடித்து இழுப்பேன். என்னைச் சமாதானப்படுத்துவதற்குள் மீன் வாங்க வந்தவள் பக்கத்துக் கூடைக்குப் போய்விடுவாள். பாதி மீன் விற்காமல் வீடு திரும்பும். கஞ்சிக்கே இழுபறி.

ஒருநாள் கண்டக்டர் எனக்கும் டிக்கெட் கேட்டார். "பால் குடிக்கிற புள்ளைங்க" என்றாள் அம்மா. நான் சும்மா இருந்திருக்கலாம். "யம்மா, பஸ்ஸு கெளம்பட்டும், அப்புறமா குடு" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

அன்று சாயங்காலம் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, அரைத்த வேப்பிலையோடு வந்து நின்றாள்.

"ஏன் அண்ணி, மீச மொளச்சப்புறம்தான் இவனுக்குப் பால் மறக்கடிக்கப் போறியா?"

வேப்பிலையை மாரில் தடவிக்கொண்டால் கசப்புக்குப் பயந்து எந்தப் பிள்ளையும் ஓடிவிடும் என்பது ஊர் வழக்கம். அம்மா அரை மனசாகத்தான் தடவிக்கொண்டாள்.

ஆனால் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் எனக்கு அம்மை போட்டிருந்தது. என்னை வேப்பிலையில் படுக்க வைத்து, "ஒன் ஒடம்புல அம்மா எறங்கியிருக்காடா. வேப்பிலை வாசன வர்ற எடத்துல அவ இருப்பா. தொடக் கூடாது, கும்புட்டுக்கணும்" என்று சொல்லிக்கொடுத்ததும் இதே அத்தைதான்.

மடியில் ஏறினேன். வாசனை மூக்கில் ஏறியதும் தடாலென்று இறங்கித் தரையில் விழுந்து கும்பிட்டேன்.

"அத்த! எங்கம்மாவுக்கு அம்மா வந்திருக்கு!"

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். கெட்டிக்காரி. "ஆமாண்டா ராசா, வந்திருக்கா. கிட்டப் போவாத."

போகவில்லை. நாக்கில் ஒரு சொட்டுக் கசப்புப் படாமல் பால் மறந்த பிள்ளை இந்தக் கடற்கரையிலேயே நான் ஒருத்தன்தான். பகலில் அத்தையோடு இருந்துகொண்டேன். கூடை காலியாகத் திரும்பியது. ஆனால் அதை இறக்கி வைத்ததும் அம்மா கையை நீட்டுவாள்.

"வாடா, சும்மா மடியில வந்து குந்து. பால் கேக்காட்டிப் போவுது."

நான் எட்ட நின்று கும்பிடுவேன். "நான் இன்னும் குளிக்கல."

இரண்டு நாள் கழித்து அப்பா இலைப் பொட்டலத்தில் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். அம்மா அதைத் தலையில் வைக்கவில்லை. அத்தை அதை அவள் மாரில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் கட்டிக்கொண்டு வலிக்கும்போது மல்லிகை வைத்தால் வற்றிவிடும் என்பது பெண்களுக்குத் தெரியும். எனக்கு எங்கே தெரியும்? அம்மனுக்குப் பூ அலங்காரம் நடக்கிறது என்று நினைத்தேன். ஓடிப்போய் மாடத்திலிருந்த சூடத்தை எடுத்து வந்தேன்.

"அத்த, கொளுத்து!"

அத்தை சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

இவ்வளவு பூ வைத்து, சூடமும் கொண்டுவந்த பிறகு சாமி எதற்கு அழுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, இன்னும் ஓரடி தள்ளி நின்றேன்.