ரூபி அக்காவின் சனிக்கிழமை மைக்

செய்தி வந்தபோது நான் கம்பெனியில் தோல் தரம் பிரிக்கும் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். சபை வாட்ஸ்அப் குழுவில் அக்காவின் படம். கீழே, 'நம் அன்புச் சகோதரி ரூபி வியாதியை ஜெயித்து, பூரண சமாதானத்தோடு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். எனக்குக் கோபம்தான் வந்தது. வியாதியை எங்கே ஜெயித்தார்? அக்கா கடைசிவரை பயந்தார். பயந்ததை நம் எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொன்னார். அதையே மறைத்துவிட்டு அவரை எப்படி வழியனுப்புவது? இந்த நினைவுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னபோது, நடந்ததை நடந்தபடி எழுதிக்கொண்டு வந்து வாசிப்பது என்று முடிவு செய்தேன். யாருக்காவது வருத்தம் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர் பஜார் தெருவில், சலீம் பாயின் செருப்புக் கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு நடக்கும் சபை நம்முடையது. அக்கா எங்கள் கம்பெனியிலேயே தையல் பிரிவு சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வருவார். சாவி அவரிடம்தான் இருக்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒடுகத்தூர்ப் பெண்கள் மாடியில் வந்து கால் நீட்டி உட்காருவார்கள், போனுக்குச் சார்ஜ் போடுவார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்று அக்கா கேட்டதில்லை. "பாத்ரூம்ல தண்ணி ஊத்திட்டு வாங்கம்மா" என்பது ஒன்றுதான் அவர் போட்ட நிபந்தனை. சபை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் என்று நினைத்திருந்தவன் நான். வாரநாளில் அங்கே இவ்வளவு பேச்சும் சிரிப்பும் இருக்கும் என்பது அவர் சாவியை வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஓப்பன் மைக் வைக்கலாம் என்று சொன்னவரும் அவர்தான். பாடலாம், பேசலாம், எழுதியதை வாசிக்கலாம். முதல் கூட்டம் எப்படி நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். நமக்குத்தான் மைக் கைக்கு வந்தால் வாய் தானாகவே சாட்சி சொல்லுமே. கஷ்டம் வந்தது, ஜெபித்தோம், விடுதலை கிடைத்தது, ஸ்தோத்திரம். வந்தவர்கள் எல்லாரும் இதையே சொல்லிவிட்டு இறங்கினார்கள். அக்கா பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து மைக்கை வாங்கினார்.

"சாட்சிக்கு ஞாயித்துக்கெழம இருக்குது. சனிக்கெழமைக்கு, இன்னும் முடியாத விஷயம் எதுனா இருந்தா சொல்லுங்க. கடைசில நல்லா ஆய்டுச்சின்னு சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கட்டிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் வந்து, "என் வீட்டுக்காரர் இன்னும் குடிக்கிறாரு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்த பெண்கள் இன்றுவரை அவரை விடவில்லை.

என் மூக்கும் அன்றைக்கே உடைபட்டது. யாராவது பேசினாலோ ஜெபித்தாலோ பின்னால் மெதுவாகக் கீபோர்டு வாசிப்பது சபையில் என் வேலை. அன்றைக்கும் பழக்கதோஷத்தில் விரலை வைத்துவிட்டேன். "சாமு, கைய எட்றா. அவங்க அழுவணும்னா அவங்களே அழுதுக்குவாங்க" என்றார் எல்லார் முன்னாலும். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

சலீம் பாய் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். டிரம்ஸ் சத்தத்தில் கடைக் கூரை அதிர்கிறது என்று ஒரு சனிக்கிழமை கோபமாக மாடி ஏறி வந்தார். அக்கா அவர் கையில் மைக்கைக் கொடுத்து, "இன்னா பேஜார்னு இதுல சொல்லுங்க பாய், எல்லாரும் கேக்கட்டும்" என்றார். பாய் சொன்னார். சத்தத்தில் ஆரம்பித்து, யாவாரம் கம்மி என்று போய், துபாயில் இருக்கும் மகள் போன் பண்ணுவதே இல்லை என்பதில் வந்து நின்றார். இறங்கும்போது அவருக்கே வெட்கம். "இன்னாம்மா, சண்டைக்கு வந்தவன இப்டி பண்ணிட்ட" என்றார். அடுத்த கூட்டத்துக்குச் சொல்லாமலே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். டிரம்ஸுக்கு அடியில் போடச் சொல்லி பழைய ஜமக்காளம் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார்.

பிறகு அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. வேலூரில் ஆபரேஷன். நாமெல்லாம் உபவாசமிருந்து ஜெபித்தோம். தேறி வந்தார், நாலு வாய் சாப்பிட்டார், வேலைக்கும் போனார். அக்காவின் சாட்சி எப்போது என்று ஞாயிறுதோறும் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே தள்ளிப்போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரே மைக்கை நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"சனிக்கெழம சொல்றேன் பாஸ்டர்."

அந்தச் சனிக்கிழமை நம்மில் பலர் இருந்தோம். அக்கா மைக்கைப் பிடித்து, "திரும்ப வந்துடுச்சி. ஈரல்ல இருக்குதாம். எனக்குப் பயமா இருக்குது" என்றார். பின்னால் யாரோ பழக்கத்தில் ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். பாஸ்டர் ஜெபிக்க எழுந்து கையை உயர்த்தினார். அவர் நல்ல மனிதர், பதறிப்போயிருந்தார்.

"ஜெபம் அப்பறம் பண்ணலாம் பாஸ்டர். இப்ப கொஞ்ச நேரம் எங்கூட உக்காருங்க."

பாஸ்டர் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். எதுவும் பேசாமல் நம் சபை அவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. விசுவாசம் குறைந்துபோய்விட்டது என்று மறுநாள் சிலர் முணுமுணுத்தார்கள். அக்கா காதிலும் விழுந்தது. "தோலுக்குக் கலர் அடிக்கிறோமே, கீறல் போயிடுதா? மூடிக்குது, அவ்ளோதான். ஆண்டவருக்குத் தெரியாத கீறலா?" என்றார். அவ்வளவு நம்பிக்கை உள்ளவரால்தான் அப்படிப் பேச முடியும் என்று எனக்குப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது அவர் வீட்டில். படுத்திருந்தார். கை குச்சியாகிப் போயிருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசையா இருக்குது சாமு."

"கர்த்தர் பாத்துக்குவாருக்கா" என்றேன். வேறு என்ன சொல்லத் தெரியும் எனக்கு?

"அவர் பாத்துக்குவாரு. நீ இன்னா நெனக்கிற?"

"நீங்க போவக் கூடாதுக்கா" என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அவருடைய தங்கை உள்ளே வந்து எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

அக்காவை அறிந்தவர்களே, அவர் நிறைவாகப் போனார் என்று என்னால் சொல்ல முடியாது. இன்னும் இருக்க வேண்டும் என்ற ஆசையோடு போனார். அந்த ஆசையைத்தான் அவர் ஞாபகமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆறுதல் எனக்கு இன்னும் வரவில்லை. வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்.