இராஜம்மாவைப் படமெடுத்த காலை

மலேசியாவின் கிள்ளானில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பள்ளி வேன் ஓட்டிவருபவர் இராஜம்மா. அவருடைய வேனில் வந்த பிள்ளை ஒன்று மணியடித்த பின்னர் நுழைந்ததாக, அப்பள்ளியின் ஆசிரியரான என் வருகைப் பதிவேட்டில் ஒரு நாளும் குறிப்பில்லை.

கணவர் கன்னையா காலமானபின், அவர் ஓட்டிய வேனையே இராஜம்மா ஓட்டத் தொடங்கினார். எந்த வீட்டின் முன் ஹாரன் அடிக்கலாம், எந்த வீட்டில் கைக்குழந்தை உறங்குகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். குழந்தை உறங்கும் வீடுகளில் இறங்கிச் சென்று சன்னலை இருமுறை தட்டுவார்.

பெட்டாலிங் ஜெயாவில் வாழும் அவருடைய நாத்தனார் சந்திரகலா, திருமண வீடுகளில் அவரை "எங்க வேன்காரி அண்ணி" என்றே அறிமுகப்படுத்துவார். இராஜம்மாவும் உடன் சிரிப்பார். ஆயினும் அச்சொல் உறுத்திக்கொண்டேயிருந்தது.

சென்ற ஆண்டு, உழைக்கும் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்துவந்த லோஜினி என்னும் இளம்பெண் அவரை அணுகினார். உறவினர் தம்மை மதிக்க இதுவே வாய்ப்பு என்று இராஜம்மா இசைந்தார். படப்பிடிப்புக்கு ஒரே ஒரு காலைதான் கிடைத்தது.

அன்று லோஜினி வந்தபோது, வேன் பளபளவெனக் கழுவப்பட்டு மாலையோடு நின்றது. அருகே, மாம்பழ நிறப் பட்டுப்புடவையில், தலை நிறைய மல்லிகையுடன் இராஜம்மா நின்றார். பிள்ளைகளை அன்று ஒரு நாளைக்கு விமலன் என்னும் வேறு ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டிருந்தார்.

"ஆன்டி, நீங்க ஓட்டுறத எடுக்கத்தானே வந்தேன்" என்றார் லோஜினி.

"அததான் ஊரே தெனம் பாக்குதே. பக்கத்துல நிக்குறேன், எடும்மா."

அப்போது விமலன் தொலைபேசியில் அழைத்தார். தாமரை என்னும் சிறுமியின் வீட்டின் முன் மூன்று முறை ஹாரன் அடித்தும் யாரும் வராததால், விடுப்பு என்றெண்ணிக் கிளம்பிவிட்டாராம்.

இராஜம்மாவின் முகம் மாறியது. கைக்குழந்தை உள்ள வீடு அது. சன்னல் தட்டும் ஓசைக்குத்தான் அச்சிறுமி வெளியே வருவாள்; ஹாரன் வேறு யாருக்கோ என்று இருந்துவிடுவாள். அதை விமலனிடம் சொல்ல மறந்துவிட்டார். அன்று அவளுக்குத் தேர்வு வேறு.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இராஜம்மா வேனில் ஏறினார். லோஜினி கேமராவோடு பின்னிருக்கையில் தாவி அமர்ந்தார். முதல் திருப்பத்திலேயே மாலை அறுந்து சாலையில் விழுந்தது.

சன்னலில் இரண்டு தட்டு. புத்தகப்பையோடு காத்திருந்த தாமரை வெளியே வந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆன்டி, யாருக்குக் கல்யாணம்?"

"ஏறு புள்ள, நேரமாச்சு."

பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் படம் திரையிடப்பட்டது. சந்திரகலாவின் பக்கத்தில் இராஜம்மா கூசியபடி அமர்ந்திருந்தார். நின்று காட்டிய கோலம் எதுவும் படத்தில் இல்லை. ஸ்டியரிங்கைப் பற்றிய கைகளும் சன்னலைத் தட்டிய விரல்களுமே இருந்தன. விளக்குகள் எரிந்ததும் சந்திரகலா மெல்லக் கேட்டார்:

"அண்ணி, அந்தப் புள்ள பரீட்சைக்குப் போய்ச் சேந்துச்சா?"

"ஸ்கூல் கேட்ட சாத்துறதுக்கு முன்னாடியே எறக்கிட்டேன்லா."

பின்னர் சந்திரகலா அடுத்த இருக்கைக்காரரிடம் திரும்பி, அந்த வேனை ஓட்டியவர் தம் அண்ணி என்று கூறியதை இராஜம்மா கேட்டார். அவருக்கு இன்றளவும் ஒரே குறைதான்: புடவையின் கரை படத்தில் தெரியவே இல்லையாம்.