பதியாமல் விட்ட கல்யாணம்

குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் நானும் தங்கராசுவும் ஒன்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். சாதி வேறு என்பதால் இரண்டு வீட்டாரும் எங்களை ஒதுக்கிவிட்டார்கள். "வெரசா போடிக்குப் போயி கல்யாணத்தப் பதிஞ்சுட்டு வந்துருவோம் புள்ள" என்று அவர் அடிக்கடி கூப்பிடுவார். "காய் எடுப்பு முடியட்டும்" என்று நான்தான் ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டேன்.

ஒரு மழைக்காலத்தில் ஜீப்பு கவிழ்ந்து அவர் இறந்துபோனார். ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் உடலைக் கேட்டேன்.

"நீ அவருக்கு என்ன வேணும்மா?" என்றார் அங்கிருந்த எழுத்தர்.

"சம்சாரம்ய்யா."

"அதுக்கு அத்தாட்சி இருக்கா?"

என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

சொந்த ஊரான சிலமலையிலிருந்து தங்கராசுவின் அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டார். "அண்ணே, ஒருக்கா மொகத்த மட்டும் பாத்துக்கிறேன்" என்று கெஞ்சினேன். "ஒனக்கும் அவனுக்கும் என்ன ஒறவு? தள்ளி நில்லு" என்று சொல்லி உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். தங்கராசுவின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவே இல்லை.

இப்போது தோட்டத்தில் யாராவது சேர்ந்து வாழத் தொடங்கினால், என் சோலியைப் போட்டுவிட்டு அவர்களைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போகிறேன். போன மாதம் ஒரு ஜோடி, "அடுத்த வாரம் போவோம்க்கா" என்றது. நான் கேட்கவில்லை; அன்றைக்கே பஸ் ஏற்றினேன்.