பத்தாயிரத்து நானூற்று மூன்று

நான் சொன்ன பொய்களில் இது ஒன்றைத்தான் இன்றும் பேனா எடுத்துச் சரிபார்க்க முடியும். 10403-ஐ 101-ஆல் வகுத்தால் மீதி வராது. வரும் என்று சொன்னேன்.

எண்பதுகளில் ஒரு கோடை விடுமுறை. தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஜனங்கள் வீசிப்போகும் அட்டை டிக்கெட்டுகளைப் பொறுக்கிவந்து, அவற்றில் அச்சான எண்களை வகுத்துப் பார்ப்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பைத்தியமாகவே ஆகியிருந்தது. ஆரம்பித்துவைத்தவர் மாமா. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதது பகா எண். யாரிடம் பெரிய பகா எண் இருக்கிறதோ அவருக்கு வெற்றி. இரட்டைப்படை எண்களும் ஐந்தில் முடிபவையும் பார்த்தவுடனே அவுட். மற்றவை மூன்று, ஏழு, பதினொன்று என்று ஒவ்வொன்றாகத் தப்பி மேலே ஏற ஏற எங்களுக்கு மூச்சு முட்டும். எங்கள் டிக்கெட்டுகளுக்கு 101 வரை உள்ள பகா எண்களால் வகுத்தால் போதும் என்று மாமா வரம்பு வைத்திருந்தார். எதிராளி போட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் வெற்றி செல்லும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஜெயிப்பவரை எலக்ட்ரிக் ட்ரெயினில் பீச் வரை கூட்டிப்போவதாக மாமா சொல்லிவிட்டார். ஒருவரைத்தான். இருவர் வந்தால் ஜன்னலுக்கு அடித்துக்கொள்வோமாம்.

கடைசியில் மிஞ்சியது நானும் சித்தி மகளும். அனகாபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். ரயிலில் ஏறியதே இல்லை. நான் நாலைந்து முறை போனவன். அவளுடைய டிக்கெட் 10301. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒரே எண் என்று அதற்குத் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தாள். அது தேறிவிட்டது. என்னுடைய 10403-உம் தொண்ணூற்றேழு வரை எதற்கும் மசியவில்லை. நான் ஓடிப்போய் நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு வந்துதான் சிலேட்டுப் பலகையில் 101-ஐப் போட்டேன். நூற்று மூன்று முறை, சுத்தமாகப் போயிற்று.

"மீதி ரெண்டு," என்றேன்.

மாமா பலகையை அவளிடம் கொடுத்தார். "நீ போட்டுப் பாரும்மா. உங்கண்ணன் அவசரத்துல எதுனா கோட்டை விட்டிருப்பான்."

அவள் போட்டாள். முடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், என் சட்டையைப் பார்த்தாள். பிறகு பலகையை உள்ளங்கையால் துடைத்தாள்.

"ரெண்டுதான் மாமா."

"அப்புறம் இன்னா, கெலிச்சது அவன்தான். கெளம்புடா."

அந்தப் பயணம் போல் ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு அதிகம் வாய்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. காற்றில் தலைமயிர் நட்டுக்கொண்டு நிற்க, மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் எங்கள் பெட்டியை உரசுவதுபோல இறங்கியது. சாயங்காலம் திரும்பியதும் ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன். விமானம் இறங்கியதை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் எனக்கு ஒரே சிரிப்பு. நல்ல வேளை, இவளுக்கு வகுத்தல் சரியாக வராது என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கும் அதே இரண்டுதான் தப்பாக வந்தது எப்படி என்று யோசிக்கவே இல்லை.