வெங்கடம்மாளின் வாக்குமூலம்

“இன்னொரு வாட்டி படி பாய்” என்று சொல்லிவிட்டு, வெங்கடம்மாள் பீடிக்கடை குலாம் ரசூலின் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கோர்ட்டிலிருந்து வந்த இதே கடுதாசியைக் காலையில் தபால்காரர் படித்தார். பிறகு பள்ளிக்கூடத்து வாத்தியார். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னால்தான் அது உண்மையில் எழுதியிருப்பதாக அவளுக்கு அர்த்தம்.

“பொய் சொல்லி எனக்கு இன்னாக்கா வரப்போவுது?”

“ஒனக்கு வராது. சொல்லச் சொன்னவனுக்கு வரும்.”

மத்திகிரியில் மூன்று ஏக்கர் கேழ்வரகுக் கொல்லையும் இரண்டு எருமைகளும் அவளுடைய சொத்து. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சண்டை போடுவாள்; ஒன்றிலும் எழுத்து தெரியாது. கணவன் சென்னப்பன் உயிரோடிருந்தபோது, விதை வாங்கியதற்கு ரசீது என்று யாரோ நீட்டிய தாளில் பெருவிரலை வைத்தான். புளியந்தோப்பு போயிற்று. அன்று பிடித்த சந்தேகம் இன்றுவரை விடவில்லை. ஐம்பத்திரண்டாம் வருஷத் தேர்தலில் முதன்முதலாக ஓட்டுப் போடப் போனவள், மறைப்புக்குள் சீட்டைப் போட்டபின் பெட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

பக்கத்து நிலத்துக்காரர் சின்னராஜ், மழை பொய்த்த வருஷத்தில் அவளே கொல்லையைத் தம்மிடம் ஒப்படைத்துவிட்டதாக வழக்குப் போட்டார். கோர்ட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் வாய்தாவிலேயே தன் வக்கீல்மீது அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. எதிர்க்கட்சி வக்கீலோடு அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தாள். “சண்ட போடறவங்க சிரிச்சிக்கினு காப்பி குடிப்பாங்களா?” என்று ஊர் திரும்பும்வரை புலம்பினாள்.

சாட்சிக் கூண்டில் ஏறிய அன்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்டார்: “அந்த வருஷம் நிலத்தை உழுதாயா?”

“இல்லிங்க. மழ இல்ல, உட்டுட்டேன்.”

நீதிபதி இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். விசாரணை முடிந்ததும், எழுதியதைக் குமாஸ்தா தமிழில் படித்துக் காட்டினார். எல்லாச் சாட்சிகளும் அந்த நேரத்தில் எப்போது இறங்கலாம் என்று பார்ப்பார்கள். வெங்கடம்மாள் கழுத்தை நீட்டிக்கொண்டு கேட்டாள். “மழை இல்லாததால் அந்த வருஷம் நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன்...”

“நிறுத்து சாமி!”

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது.

“உட்டுட்டேன்னா சும்மா கெடக்க உட்டேன். குடுத்துட்டேன்னு எப்ப சொன்னேன்?”

சாட்சி மாற்றிப் பேசுகிறாள் என்று எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். அவள் கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டுதான் இப்படி எழுதினார்கள் என்றே நினைத்தாள். நீதிபதி கையமர்த்தினார்.

“அந்த வருஷம் நிலத்தில் என்ன நடந்தது? நிதானமாகச் சொல்லம்மா.”

“ஏர் கட்டலிங்க. எங்க எருமைங்கதான் காஞ்ச புல்லக் கடிச்சிக்கினு அதுல கெடந்துதுங்க. நெலத்த குடுத்திருந்தா இவரு என் எருமைய உள்ள உட்டிருப்பாரா? கேளுங்க!”

நீதிபதி சின்னராஜைப் பார்த்தார். சின்னராஜ் தோள்துண்டைச் சரிசெய்தார். நீதிபதி ஒரு வரியை அடித்துவிட்டு, மேலே வேறு எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார்.

“அடிச்சி எழுதினத மறுபடி படிக்கச் சொல்லுங்க சாமி.”

குமாஸ்தா பெருமூச்சு விட்டுப் படித்தார். அதற்குப் பிறகுதான் அவள் கூண்டை விட்டு இறங்கினாள்.

ஒன்பது மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சின்னராஜின் வழக்குத் தள்ளுபடி. வக்கீல் சிரித்துக்கொண்டே வந்து, “ஜெயித்துவிட்டோம் அம்மா” என்றார்.

“அவரு மேல் கோர்ட்டுக்குப் போவலாமா?”

“போகலாம்.”

“அப்ப முடியல” என்று சொல்லிவிட்டு, ஊருக்குக் கிளம்பக் கோர்ட்டுப் படியிறங்கினாள்.

பின்னால் டவாலிச் சேவகன் அடுத்த வழக்கைக் கூப்பிட்டான். “சாந்தம்மா! சாந்தம்மா!” சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி, முகம் வெளுத்துப்போய், வாசற்படியில் தடுக்கி உள்ளே போனாள். வெங்கடம்மாள் அவளை அதற்குமுன் பார்த்ததில்லை. இறங்கிய படிகளை மறுபடி ஏறினாள்.

“ஒன் கேசுதான் முடிஞ்சிபோச்சே, இன்னும் இன்னா?” என்றான் டவாலி.

வெங்கடம்மாள் சாட்சிக் கூண்டு தெரிகிற இடமாகப் பார்த்துச் சுவரோரம் நின்று, காதை மூடியிருந்த முந்தானையைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டாள்.