நான் விட்டுவந்த எண்கள்

ஏழு மாதம் எனக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு வாழ்ந்தேன். அப்படி நம்பவைத்தவன் என் நண்பன். வேண்டுமென்றே செய்தானா, சொல்ல வாய் வராமல் அப்படியே விட்டுவிட்டானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பட்டறை வைத்திருக்கிறேன். எஞ்சினுக்குள் பெட்ரோலை அளந்து தெளிக்கிற இன்ஜெக்‌ஷன் வேலைதான் என் தொழில். மற்ற மெக்கானிக்குகள் பார்த்துச் சலித்த கார்கள் என்னிடம் வரும். நண்பன் சிதம்பரத்துக்காரன், விவசாயக் குடும்பம். நான் கத்தோலிக்கன். ஒரே பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் மச்சான்தான். படிப்பு முடிந்ததும் அவன் வளைகுடாவுக்குப் போய், இருபது வருடம் விமானங்களைப் பழுதுபார்த்தான். திரும்பி வந்து அண்ணாமலை நகரில் குடியேறியபோது அவனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. தன் கையால் ஒரு விமானம் கட்டி, அதைத் தானே ஓட்ட வேண்டும்.

பரங்கிப்பேட்டை போகிற வழியில் மூடிக் கிடந்த ஓர் இறால் பண்ணையின் கொட்டகையில் அதைக் கட்டினான். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். எஞ்சின், சென்னையில் நொறுங்கிப்போன ஒரு வெளிநாட்டுக் காரிலிருந்து எடுத்தது. மற்ற எஞ்சின்களைப் போல மேலும் கீழும் போகிற பிஸ்டன் அதில் கிடையாது. முக்கோணமாக இரண்டு ரோட்டர்கள் உள்ளே சுழலும். எடை குறைவு, சக்தி அதிகம். ஆனால் பெட்ரோல் விஷயத்தில் குழந்தையைப் போல அடம்பிடிக்கும்.

"றெக்கை நான் பாத்துக்கறேன் மச்சான். பெட்ரோல் உன் பொறுப்பு. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றான். அந்தக் கடைசி வார்த்தைக்காகவே போனேன்.

ஒவ்வொரு ஞாயிறும் முதல் பூசை முடிந்ததும் பைக்கில் கிளம்பிவிடுவேன். விமானத்தின் வாலைத் தரையில் அடித்த இரும்புக் கம்பத்தோடு சங்கிலி போட்டுக் கட்டுவோம். அவன் உள்ளே உட்கார்ந்து, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டிலைப் பிடிப்பான். நான் இறக்கைக்குப் பின்னால், கொட்டகையிலேயே இருக்கும் அவன் லேப்டாப்போடு நிற்பேன். எஞ்சின் எந்த வேகத்தில் சுழன்றால் எவ்வளவு பெட்ரோல் என்பது கட்டம் கட்டமாக எண்களாக அதில் இருக்கும். புகைக்குழாயில் பொருத்திய சென்சார், உள்ளே பெட்ரோல் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று காட்டும். அதைப் பார்த்து ஒவ்வொரு கட்டமாக எண்ணைத் திருத்திக்கொண்டு போக வேண்டும். பொறுமையான வேலை. எனக்குப் பிடித்த வேலை.

ஓர் இடம் மட்டும் மசியவில்லை. அந்த எஞ்சினில் ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு இன்ஜெக்டர்கள். மெதுவாக ஓடும்போது ஒன்று மட்டும் தெளிக்கும். த்ராட்டிலைக் கூட்டும்போது ஒரு கட்டத்தில் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சேர்கிற இடத்தில் எஞ்சின் விக்கியது. அரை நொடிதான். காரில் என்றால் ஒரு குலுங்கல், அவ்வளவுதான். தரையை விட்டு அப்போதுதான் எழும்பிய விமானத்தில் அந்த அரை நொடிக்குள் எதுவும் நடக்கலாம்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் அந்த விக்கலைப் பாதியாகக் குறைத்துவிட்டு வந்தேன். மனசு நிறைந்து வந்தேன். அடுத்த ஞாயிறு போய் ஓட்டினால் பழையபடி விக்கியது. கட்டங்களைப் பார்த்தேன். அறுபத்திரண்டு என்று வைத்த இடத்தில் ஐம்பத்தைந்து இருந்தது.

"இத நான் இப்படி வக்கலயே?" என்றேன்.

அவன் எட்டிப் பார்த்தான். "கெளம்பறதுக்கு முன்னாடி நீதான் கொறச்ச மச்சான். ஜாஸ்தி ஆயிடிச்சின்னு சொன்ன. மறந்துட்டியா?"

இருக்கலாம் என்று நினைத்தேன். திரும்பவும் கூட்டினேன். அடுத்த வாரம் வேறு கட்டங்கள் மாறியிருந்தன. அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு முறையும் அவன் அதே இதமான குரலில், "நீதான் மச்சான்" என்றான். ஒரு நோட்டு வாங்கி எண்களை எழுத ஆரம்பித்தேன். நோட்டில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று. "எழுதினப்புறம் கடைசியா ஒரு தபா ஓட்டிப் பாத்தமே, அப்ப மாத்தின. நோட்ல திருத்தல" என்றான். கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தது உண்மை. மாற்றினேனா? யோசிக்க யோசிக்க, மாற்றியது போலவே ஒரு காட்சி என் மனசுக்குள் உருவானது. அதுதான் பயங்கரம்.

எனக்கு ஏன் அவ்வளவு பயம் என்பதைச் சொல்ல வேண்டும். என் அப்பா கடைசி மூன்று வருடம் எங்கள் யாரையும் அடையாளம் தெரியாமல் வாழ்ந்தவர். ஒரு நாள் வீட்டை விட்டு இறங்கிப் போய்விட்டார். விடுப்பில் வந்திருந்த என் நண்பன் பைக்கை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகத் தேடி, தேவனாம்பட்டினம் கடற்கரையில் வலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தான். அப்பாவை அந்த நிலையில் பார்த்தவன் அவன். எனக்கும் அது வந்துவிடுமோ என்று நான் வாய்விட்டுச் சொன்னதும் அவன் ஒருவனிடம்தான்.

பட்டறையிலும் கை தடுமாற ஆரம்பித்தது. முறுக்கிய போல்ட்டைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். பெரிய வேலைகளைத் திருப்பி அனுப்பினேன். என் மனைவி ஒன்றும் கேட்காமல், கேஸ் அடுப்பை நான் தொட்ட பிறகு தானும் ஒருமுறை போய்ப் பார்க்கத் தொடங்கினாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு செய்தாள்.

கடைசியில் நரம்பு டாக்டரிடம் போவது என்று முடிவு செய்தேன். மனைவியிடம் சொல்லத் தைரியமில்லை. நண்பனிடம் சொன்னேன். "தனியா போவாத, நான் வரேன்" என்று காரை எடுத்துக்கொண்டு கடலூருக்கே வந்துவிட்டான். ஸ்கேன் எடுக்கிற அறைக்கு வெளியே என் சட்டையையும் கைக்கடிகாரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டர் படங்களைப் பார்த்தார். கேள்விகள் கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். பிறகு, "உங்க ஞாபகத்துல ஒரு குறையும் இல்ல. ஏதோ கவலைல இருக்கீங்க" என்றார்.

வெளியே வந்து சிரித்தேன். "ஒண்ணும் இல்லியாம்டா" என்றேன். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். முகம் மட்டும் வெளுத்திருந்தது. எனக்காகப் பயந்திருக்கிறான் என்று நினைத்தேன். வழியில் நிறுத்தி டிபன் வாங்கிக் கொடுத்தான். நான் இரண்டு தோசை சாப்பிட்டேன். அவன் காபியோடு நிறுத்திக்கொண்டான்.

டாக்டர் சொன்னதை நிதானமாக யோசித்தது அதற்கு அடுத்த ஞாயிறுதான். என் ஞாபகத்தில் குறை இல்லை என்றால், அந்த எண்களை யார் மாற்றியது? ஆனாலும் அவனைச் சந்தேகிக்க மனசு வரவில்லை. லேப்டாப்தான் பழுதாக இருக்கும், சேமிக்கும்போது ஏதோ தப்பு நடக்கிறது என்று எண்ணினேன். அதைக் கண்டுபிடிக்கத்தான் அன்றைக்குக் கிளம்பும்போது, எஞ்சின் அணைந்து, அவன் கொட்டகைக் கதவைச் சாத்தப் போயிருந்த நேரத்தில், திரையில் இருந்த எண்களை என் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு படத்தையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பதினோரு கட்டங்கள் மாறியிருந்தன. பழுதான லேப்டாப் இப்படி மாற்றாது. இரண்டாவது இன்ஜெக்டர் சேருகிற இடத்தைச் சுற்றி, ஒழுங்காக, தொழில் தெரிந்த ஒருவர் மாற்றியது போல மாறியிருந்தன.

அவன் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். போனை நீட்டினேன். பார்த்தான். துணியை மடித்து வைத்தான்.

"யாருடா இது?" என்றேன்.

பதில் சொல்வதற்குள் அவன் மனைவி டீயோடு வந்தாள். ஞாயிறுகளில் எங்களுக்குச் சாப்பாடு எடுத்துவருவது அவள்தான். எங்கள் முகங்களைப் பார்த்துத் தயங்கி, "என்னாச்சுண்ணே?" என்றாள். யாரோ எண்களை மாற்றியிருக்கிறார்கள் என்றேன்.

"அந்த வெளிநாட்டு சார் சொல்லித்தானே மாத்துவாரு? திங்கக்கெழம வீடியோல பேசுவாங்களே. அவுங்களும் இதே எஞ்சின் வச்சுப் பறக்கறவுங்களாம்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தி, அவனைப் பார்த்தாள். "நீங்க அண்ணன்கிட்ட சொல்லல?"

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள்.

"பறக்கப்போறது நான் மச்சான்" என்றான் அவன். "எறங்கி ஓரமா நிறுத்த முடியாது. நீ கார்ல கெட்டிக்காரன். ஆனா வானத்துல இத ஓட்டினவன் அவன். ரெண்டு பேர் சொல்றதயும் வச்சுப் பாக்கலாம்னு நெனச்சேன்."

"அத என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ வரமாட்ட. ரோஷக்காரன்."

அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஒரு வாரம் கோபித்துக்கொண்டு இருந்திருப்பேன். பிறகு வந்திருப்பேன்.

"அப்ப ஆஸ்பத்திரிக்கு ஏன்டா கூட வந்த?"

அவன் கண் கலங்கியது. "அன்னிக்கு சொல்லிடணும்னுதான் வந்தேன். உள்ள போறதுக்கு முன்னாடியே சொல்லணும்னு இருந்தேன். வாய் வரல. அப்புறம் நீ வெளிய வந்து சிரிச்ச. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது, நீயே சொல்லு."

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. என் வீட்டு அடுப்பைப் பற்றி, என் அப்பாவைப் பற்றி, அந்த ஸ்கேன் குழாய்க்குள் அசையாமல் படுத்துக்கொண்டு நான் செபித்ததைப் பற்றி. கிளம்பிவிடலாம் என்று பைக் சாவியை எடுத்தேன். அப்போது ஒன்று புரிந்தது. ஞாயிறு நான் கூட்டியதைத் திங்கள் அவன் குறைத்திருக்கிறான். ஏழு மாதம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கிறோம். விக்கல் எப்படிப் போகும்? இப்படியே விட்டுப்போனால் ஒரு நாள் இதில் உட்கார்ந்து இவன் எழும்புவான்.

"ஏறி உக்காரு" என்றேன்.

அந்தப் பகுதி எண்கள் முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். பகல் முழுக்க அவன் த்ராட்டிலைப் பிடித்தான், நான் எண்களைத் திருத்தினேன். "கூட்டு", "நிறுத்து", "எறக்கு" தவிர வேறு பேச்சு இல்லை. கொண்டுவந்த சாப்பாடு திறக்காமலே இருந்தது. வெயில் சாயும் நேரத்தில், அடியிலிருந்து உச்சம் வரை ஒரே இழுப்பில் கூட்டச் சொன்னேன். எஞ்சின் ஒரே குரலில் ஏறியது. அந்த இடம் எப்போது கடந்தது என்றே தெரியவில்லை. இன்னும் நான்கு முறை கூட்டச் சொன்னேன். நான்கு முறையும் அப்படியே.

என் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல வேலை அது. அணைத்ததும் அவன் கண்ணாடி மூடியைத் திறந்து என்னைப் பார்த்து, பழைய பழக்கத்தில் கட்டை விரலைத் தூக்கினான். நான் லேப்டாப்பை மூடினேன். எண்களை யாரும் தொட முடியாதபடி பூட்டுப் போடும் வசதி அதில் இருந்தது. போடவில்லை. அவன் விமானம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரிடம் போனதையும் சேர்த்து. அவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "என்கிட்ட சொல்லாம அவரத்தான கூட்டிட்டுப் போனீங்க" என்றாள். அதற்கு மேல் அன்றைக்கு என்னிடம் பேசவில்லை. அவள் கோபம் நியாயம்தான்.

அதற்குப் பிறகு கொட்டகைக்குப் போகவில்லை. அவன் போன் செய்தால் எடுப்பேன். கட்டிப்போடாமல் பண்ணைக் கரை நெடுக ஓட்டிப் பார்த்ததாகவும், வால் லேசாகிப் பின்சக்கரம் தூக்கியதாகவும், எஞ்சின் ஒரு இடத்திலும் விக்கவில்லை என்றும் சொன்னான். சந்தோஷம் என்றேன். சந்தோஷமாகவும் இருந்தது.

சில மாதம் கழித்து ஒரு புதன்கிழமை பட்டறைக்கு வந்தான். கையில் விமானத்தின் பதிவேடு. பறக்க அனுமதி கேட்டு அனுப்புகிற காகிதங்களோடு அதுவும் போக வேண்டுமாம். எரிபொருள் அமைப்பைச் சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரை அவனே அழகாக எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தான்.

"இது உன் வேல. உன் பேருதான் இருக்கணும்" என்றான்.

பேனாவை வாங்கினேன். எழுதுவதற்குத்தான் வாங்கினேன்.

"அன்னிக்கு நான் வச்ச நம்பர்தான் இன்னும் இருக்குதா?"

"சத்தியமா இருக்குது மச்சான். ஒண்ணத் தொடல."

உண்மையைத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். ஆனால் அவன் குரல், "மறந்துட்டியா?" என்று கேட்டபோது இருந்த அதே குரல். அதே இதம். கேட்டதும் என் கை நின்றுவிட்டது.

"புதுச்சேரியில ஒருத்தர் இருக்காரு. இந்த வேல நல்லாத் தெரிஞ்சவரு. போன் நம்பர் தரேன். அவர வரவச்சு ஓட்டிக் காட்டி, அவருகிட்ட வாங்கிக்க" என்று பேனாவை மூடிக் கொடுத்தேன்.

கெஞ்சுவான் என்று நினைத்தேன். அவன் பதிவேட்டில் என் பெயர் இருந்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மூடிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, "சரி, நம்பர அனுப்பு" என்றான். மேலே ஏற்றியிருந்த காருக்குக் கீழே குனிந்து, பெட்ரோல் பம்ப்பைக் கழற்றுகிற வேலையைத் தொடர்ந்தேன். சிதம்பரம் பஸ் வருகிற நேரம்தான் என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு அவன் ரோட்டைக் கடந்து போனான்.